பகல் வேலை என்று நம்பிச் சேராதீர்கள்: மருத்துவத் துறைப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். "நர்சு வேலன்னா ராத்திரியும் பகலும் ஓடணும்ட்டி. லேபுக்குப் படி. பத்து மணிக்குப் போனோமா, அஞ்சு மணிக்கு வந்தோமான்னு இருக்கலாம்." இப்படிச் சொல்லும் அத்தையோ சித்தப்பாவோ, நோயாளிக்குத் துணையாக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவராக இருப்பார். பகலில் போனவருக்குப் பகலில் இருந்த ஆட்கள்தானே கண்ணில் பட்டிருப்பார்கள்?

பாளையங்கோட்டையில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது; ஊர்க்காரர்களுக்கு அது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. அதற்கு ஓராண்டு முன்பு வந்த சித்த மருத்துவக் கல்லூரியும் அங்கேதான். வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷன் பக்கமும் தனியார் மருத்துவமனைகள் நிறைய. தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எங்கே போனாலும் ஸ்கேன் சென்டரும் லேபும் உண்டு. அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவத் துறை வேலை ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால் வேலையும் வேண்டும், வீட்டில் இருக்க நேரமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் படிப்பின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

படிப்பின் பெயரில் வேலை நேரத்தைத் தேடுவது

லேப் டெக்னீசியனையே எடுத்துக்கொள்வோம். அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனை என்றால், விபத்தில் அடிபட்டவருக்கு இரவு இரண்டு மணிக்கும் ரத்தம் சேருமா என்று பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்க ஆள் அங்கே இருக்க வேண்டும். அதே படிப்பு படித்தவர் ஊருக்குள் தனி லேப் ஒன்றில் சேர்ந்தால் இரவு வேலை இல்லை. ஆனால் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருபவர்களுக்காக ஆறரை, ஏழு மணிக்கே திறக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரம் அது. மதியத்துக்குமேல் வீட்டில் இருக்கலாம். இந்த இரண்டில் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று நீங்கள்தான் சொல்ல முடியும். கல்லூரி விளம்பரம் சொல்லாது.

டயாலிசிஸ் டெக்னாலஜியைப் பலரும் 'நிம்மதியான வேலை' என்கிறார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு தடவை ஏறக்குறைய நான்கு மணி நேரம். பலருக்கும் வாரம் இரண்டு, மூன்று தடவை. முதல் ஷிப்டுக்காரரை விடியற்காலையிலேயே மெஷினில் போட்டால்தான் மூன்றாம் ஷிப்டு ராத்திரிக்குள் முடியும். சிறுநீரகம் தீபாவளிக்கு லீவு விடாது. ஒழுங்கான நேரம் என்பது உண்மைதான், பண்டிகை நாளில் வீட்டில் இருக்கலாம் என்பதுதான் உண்மையில்லை.

கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரி இந்த வகையில் நல்ல படிப்பு என்பது என் எண்ணம். கடைசி வருடம் பயிற்சி. இரவு அழைப்பு அபூர்வம். ஆனால் இலவசக் கண் முகாம்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கும். அதற்குப் பதில் வேறு நாள் லீவு உண்டா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆள் எத்தனை என்று கேட்காமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது. சம்பளத்தைக் கேட்பார்கள், ஹாஸ்டல் உண்டா என்பார்கள், சாப்பாடு உண்டா என்பார்கள். அந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

கணக்கு எளிது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரே ஒரு இடத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்க மூன்றரைப் பேர் தேவை. இதில் லீவு, காய்ச்சல், மகப்பேறு எதுவும் சேரவில்லை. மூன்றே பேர் இருந்தால் ஆளுக்கு 56 மணி நேரம். ஒருவர் லீவு போட்டால் மற்ற இருவருக்கும் அந்த வாரம் 84 மணி நேரம் விழும். ஆக, 24 மணி நேரமும் இயங்கும் எக்ஸ்ரே பிரிவில் "மூணு பேர் இருக்கோம், வார ஆஃப் உண்டு" என்று யாராவது சொன்னால், யாருடைய தலையில் அந்த ஆஃப் விழுகிறது என்று யோசியுங்கள். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நான் அங்கேதான் போகச் சொல்வேன்.

இன்டர்வியூவில் "வேலை நேரம் எப்படி?" என்று கேட்டால் "எட்டு மணி நேரம்தான்மா" என்பார்கள். போன மாத டியூட்டி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவரிடம், முடிந்தால் டீக்கடையில் வைத்து, பேசுங்கள். கேட்க இன்னொரு நல்ல கேள்வியும் இருக்கிறது: "பங்குனி உத்திரத்துக்கு யார் டியூட்டி பார்த்தாங்க?" நம் பக்கத்தில் அன்று பாதி ஊர் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலில் நிற்கும். எல்லோரும் லீவு கேட்கும் நாள் அது. நல்ல இன்சார்ஜ் இருக்கும் இடத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகள் அன்றைக்குப் பார்த்துக்கொள்வார்கள்; கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் மற்றவர்கள் பதிலுக்குப் பார்ப்பார்கள். எப்போதும் புதிதாகச் சேர்ந்தவள்தான் நிற்கிறாள் என்று பதில் வந்தால், அடுத்த வருடம் நிற்கப்போவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சார்ட்டில் உள்ள நேரத்தை அப்படியே நம்புவது

மதியம் ஒன்றரைக்கு டியூட்டி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வார்டில் முப்பது பேர். படுக்கை படுக்கையாகப் போய், அடுத்த ஷிப்டு நர்சிடம் விவரம் சொல்லி 'ஓவர்' கொடுக்க வேண்டும். யாருக்கு டிரிப் எத்தனை மணிக்குப் போட்டது, யாருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், யாருடைய ரத்த ரிசல்ட் இன்னும் வரவில்லை, நாளைக் காலை ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவருக்கு எப்போதிலிருந்து சாப்பாடு நிறுத்த வேண்டும். எமர்ஜென்சி டிரேயில் மருந்தை எண்ணி ரிஜிஸ்டரில் இரண்டு பேரும் கையெழுத்து போட வேண்டும். டியூட்டி மாற்றிவிட வேண்டிய ரிலீவர் நாங்குநேரியிலிருந்து வருகிறவர், பஸ் தாமதம். வார்டை விட்டு இறங்க இரண்டரை ஆகிவிடும். அப்புறம் பஸ் பிடித்து அம்பாசமுத்திரத்தில் வீட்டுக்குப் போகும்போது நாலு மணி. காலை ஏழரை டியூட்டிக்கு ஐந்தே முக்காலுக்கே கிளம்பியிருப்பார். சார்ட்டில் ஆறு மணி நேரம், வீட்டுக் கணக்கில் பத்து.

அதனால் வீட்டிலிருந்து நேரடி பஸ் உண்டா, இரவு எட்டு மணிக்குமேல் உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்பதெல்லாம் சில்லறை விஷயம் இல்லை. கல்யாணம் ஆனதும் ஊர் மாறும் என்பதையும் பெண் பிள்ளைகளின் வீட்டார் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. நர்சிங், லேப், மருந்தாளுநர் போன்ற வேலைகள் சின்ன ஊர்களிலும் கிடைக்கும். அரிதான சிறப்புத் துறை படித்தவருக்குப் பாளையங்கோட்டையையோ மதுரையையோ விட்டால் வேறு வழி இருக்காது.

"சொந்தமா கிளினிக் வச்சா நம்ம இஷ்டம்"

பிசியோதெரபிஸ்ட், பல் மருத்துவர், சித்த மருத்துவர் எல்லோருக்கும் இந்தக் கனவு உண்டு. வேலைக்குப் போகிற நோயாளி எப்போது வருவார்? காலை ஒன்பதுக்கு முன்பு, இல்லாவிட்டால் மாலை ஐந்துக்குப் பின்பு. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அதே நேரத்தில்தான் உங்கள் கிளினிக்கில் கூட்டம். நடுப்பகல் முழுக்கச் சும்மா இருப்பீர்கள், ஆனால் வீட்டில் ஆள் இருக்காது. துணைவர் ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவதே ஞாயிற்றுக்கிழமைதான்.

மெடிக்கல் ஷாப்பும் அப்படியே. பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் மருந்து விற்க வேண்டும் என்பது சட்டம். கடை இரவு பத்து வரை என்றால், ஒற்றை ஆளாக இருப்பவர் பத்து வரை இருக்க வேண்டும். சர்டிபிகேட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம் என்று யோசனை சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். அது சட்டப்படி குற்றம், பதிவே போய்விடும்.

அரசு வேலை என்றாலே நிம்மதி என்று நினைப்பது

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் வந்ததிலிருந்து நர்ஸ், லேப் டெக்னீசியன், மருந்தாளுநர் என்று பலரும் அதன் வழியாகத்தான் போகிறார்கள். முதல் போஸ்டிங் திருநெல்வேலியில் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. தருமபுரியில் போட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று முதலிலேயே பேசிவைக்க வேண்டும். நர்சுகள் பலர் வருடக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் இருந்து, பணிநிரந்தரம் கேட்டுப் போராடியது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்சுகள் என்றால், மேலே சொன்ன 168 மணி நேரக் கணக்கு அங்கேயும் பொருந்தும். கிராம சுகாதார செவிலியர் வேலை பகல் வேலைதான். ஆனால் சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கர்ப்பிணிகள் அத்தனை பேரிடமும் உங்கள் போன் நம்பர் இருக்கும். வலி எடுத்தால் இரவென்றும் பார்க்காமல் கூப்பிடுவார்கள். அந்த ஊர் மக்களோடு பழகப் பிடித்தவர்களுக்கு இது அருமையான வேலை. போனை அணைத்துவிட்டுத் தூங்க வேண்டும் என்பவர்களுக்கு ஆகாது.

வேண்டாத பயங்கள்

எக்ஸ்ரே, சி.டி. வேலை என்றதும் "கதிர்வீச்சு, குழந்தை பிறக்காது" என்று தடுத்துவிடுகிறார்கள். இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பணியாளர் ஒருவர் உடம்பில் படும் கதிர்வீச்சு ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. சட்டையில் மாட்டும் டி.எல்.டி. பேட்ஜ் அதை அளக்கும். கர்ப்பம் தெரிந்ததும் நிர்வாகத்திடம் சொன்னால் வேலையை அதற்கேற்ப மாற்றித்தர வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது. பயப்பட வேண்டியது பேட்ஜே கொடுக்காமல் வேலை வாங்கும் இடத்தைப் பார்த்துத்தான்.

இரவு வேலையும் எல்லோருக்கும் விஷமில்லை. உடம்புக்கு நல்லதல்ல என்பது சரிதான். நீண்டகால இரவுப் பணியை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே சேர்த்தது. ஆனால் சில நாள் நைட், அதற்குப்பின் தொடர்ந்து ஆஃப் என்று ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தை விரும்பிக் கேட்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். உடம்பையும் வீட்டையும் கெடுப்பது, முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் வரும் டியூட்டி மாற்றம்தான்.

இன்னொன்று, இந்தக் கேள்வியையெல்லாம் நாம் மகளுக்கு மட்டுமே கேட்கிறோம். மகன் 108 ஆம்புலன்ஸில் 12 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தால் 'உழைக்கிறான்' என்கிறோம். அவனுக்கும் குழந்தை இருக்கிறது.

கடைசியாக, குறுக்குவழிப் படிப்புகள். 'ஆறு மாதத்தில் நர்ஸ்' என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் படிப்புகளை முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். இரண்டு வருடம், நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று, பி.எஸ்சி. நர்சிங் நான்கு, இவற்றுக்குத்தான் பதிவு. லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி போன்றவற்றை ஒழுங்குபடுத்தவும் 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. பதிவு இல்லாதவர் நேரத்தைப் பற்றிப் பேரம் பேசவே முடியாது. பிடிக்காவிட்டால் போய்க்கொள் என்பார்கள், போக வேறு இடமும் இருக்காது.

பதிவு இருந்தாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை 'பாண்ட்' என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள். பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கென்று ஒரிஜினல் கேட்டால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் அடுத்த மருத்துவமனையில் ஏறி விசாரியுங்கள்.