வேறு விலேனில் உள்ள கணினிகளையும் பிஎக்ஸ்இ-யில் பூட் செய்ய வைத்தது

பிஎக்ஸ்இ என்பது கணினியை நெட்வொர்க் வழியாகவே பூட் செய்யும் முறை; விலேன் என்பது நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்த ஒரு பகுதி. பூட் சர்வர் இருந்த விலேனில் எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாக அழகாக எழுந்தன. பக்கத்து விலேனில் ஐபி வரும், பூட் ஃபைலின் பெயர் மட்டும் வராது. சர்வரில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்களைக் காட்டும் கருவி) ஓட்டி, ஐபி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கைகள் வரும் 67-ஆம் போர்ட்டைக் கவனித்தேன். அந்த விலேனிலிருந்து ஒரு பாக்கெட்கூட வரவில்லை.

கணினி முதலில் அனுப்பும் கோரிக்கை பிராட்காஸ்ட், அதாவது அதே விலேனில் உள்ள எல்லோருக்கும் போவது. அது ரவுட்டரைத் தாண்டாது. ரவுட்டரில், கோரிக்கையை வேறு விலேனில் உள்ள சர்வருக்குக் கடத்தும் டிஹெச்சிபி ரிலே இருந்தது, ஆனால் அதில் ஐபி கொடுக்கும் சர்வரின் முகவரி மட்டும்தான். பூட் சர்வரின் முகவரியையும் சேர்த்ததும் கோரிக்கை வந்துசேர்ந்தது.

அப்புறம் பழைய பயாஸ் கணினிகளும் யூஇஎஃப்ஐ கணினிகளும் கலந்திருந்த சிக்கல் (இரண்டுமே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்கள்). இரண்டுக்கும் ஒரே ஃபைல் ஆகாது. கோரிக்கையில் வரும், கணினியின் வகையைச் சொல்லும் ஆப்ஷன் 93-ஐப் பார்த்துப் பிரித்தேன்: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. ஃபைல் பெயரை ஆப்ஷன் 67-இல் நிரந்தரமாக எழுதிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு சுவிட்சில் மட்டும் சில கணினிகள் சில நேரம் தோற்றன. நெட்வொர்க்கில் பாக்கெட்கள் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ, போர்ட்டைத் திறக்க 30 விநாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் சில கணினிகள் முயற்சியைக் கைவிட்டுவிடும். கணினி செருகிய போர்ட்களில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டதும் சரியானது.

டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் கடத்தும் முறையில் ஐபிஎக்ஸ்இ என்ற சிறிய பூட் நிரலை மட்டும் அனுப்புகிறேன். பெரிய இமேஜ்கள் ஹெச்டிடிபி-யில் போகின்றன. வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. வைஃபையில் மட்டும் இருக்கும் மடிக்கணினிகளுக்கு யூஎஸ்பி-தான்.