காரம் தெரியுது, மணம் தெரியல: வாசனை போனவர்கள் செய்யும் தவறுகள்

இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் கன்னியாகுமரி. களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை சளிக்காய்ச்சலும் வருஷத்துக்கு இரண்டு தடவை வீடு வீடாகச் சுற்றிவரும். காய்ச்சல் விட்ட பிறகும் “ஒண்ணுக்கும் மணம் வரல்ல” என்று வருகிறவர்களுக்கும், அவர்களுக்கு மோந்து மோந்து மணத்தை மீட்கும் பயிற்சி சொல்லித்தர புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இது. ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை இவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். மூக்கடைப்பு இருக்கும்போது மணம் தெரியாது என்பது போன்ற, எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகளை விட்டுவிடலாம்.

தைலத்தை வைத்து மூக்கைச் சோதிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத எரிச்சல் இதில்தான்.

வழக்கமாக நடப்பது இப்படி. மருமகள் தலைவலித் தைலத்தைத் திறந்து, “மாமி, இத மோந்து பாருங்க” என்று நீட்டுகிறாள். மாமிக்கு மூக்கு சுரீர் என்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. “மூக்கு நல்லாத்தான் இருக்கு, வாய்தான் கெட்டுப்போச்சு” என்று வீட்டில் தீர்ப்பாகிவிடுகிறது. பிறகு நாலு மாதம் வாய்க்கசப்புக்கு மருந்து. ஒருநாள் அடுப்பில் மீன்கறி அடிப்பிடித்துக் கருகுகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் புரிகிறது.

மூக்குக்குள் இரண்டு வேறு நரம்புகள் வேலை செய்கின்றன. மணத்தை அறிவது மூக்கின் உச்சியில், ஒவ்வொரு பக்கமும் தபால்தலை அளவே உள்ள ஒரு சவ்வு. சளி வைரஸ்கள் கெடுப்பது அந்த இடத்தை. கொரோனாவில் முதலில் அடிபடுவது மணம் அறியும் நரம்பணுக்கள்கூட அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்கள்; வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் இருப்பது அவற்றில்தான். எரிச்சல், குளிர்ச்சி, குத்தல் இவற்றை அறிவது டிரைஜெமினல் என்ற வேறு நரம்பு. தைலத்தின் மென்தால், கற்பூரம், அம்மோனியா, நறுக்கிய வெங்காயம் எல்லாம் தட்டுவது இந்த இரண்டாவது கதவை. மணம் அடியோடு போனவருக்கும் அம்மோனியாவை நீட்டினால் முகம் சுளிப்பார். சுளித்ததைப் பார்த்து மணம் இருக்கிறது என்று எழுதிவைத்தால் அந்தச் சோதனையே வீண்.

நம் அறுசுவைக் கணக்கும் இங்கே ஒரு குழப்பம் செய்கிறது. நாக்கின் சுவை மொட்டுகள் அறிவது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு. இவற்றோடு உமாமி என்று இன்று சொல்லப்படும் ஒன்று. கார்ப்பு என்பது சூட்டையும் வலியையும் அறியும் நரம்பின் வேலை. துவர்ப்பு, வாய்க்குள் தோல் இழுபடுகிற உணர்ச்சி. ஆகவே நல்லமிளகு ரசம் உறைக்கிறது, குடம்புளி புளிக்கிறது, ஆனால் மீன்கறி மீன்கறியாக இல்லை என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் நாக்கு தப்பித்திருக்கிறது, போனது மூக்கு. மெல்லும்போது தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணத்தைத்தான் ‘ருசி’ என்கிறோம். கொரோனா சிலருக்கு நாக்கையும் உறைப்பையும்கூட மங்க வைத்ததுண்டு. அதனால் ஊகிக்காமல் சோதித்துவிடுங்கள்.

சோதனைக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் போதும். கண்ணை மூடி, மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டுச் சப்புங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் வரும். பத்து விநாடி கழித்து மூக்கை விடுங்கள். ‘ஆரஞ்சு’ என்று குப்பென்று ஏறினால் மணம் இருக்கிறது. விட்ட பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால் மணம் போயிருக்கிறது. இனிப்பே தெரியவில்லை என்றால் நாக்கும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இதே தைலத்தைப் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்வது அடுத்த அபத்தம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட பயிற்சியில் இருந்தவை ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலை மாலை இரு வேளை, 12 வாரம். இந்த நாலிலும் யூகலிப்டஸ் ஓரளவு குளிர்ச்சியாகவும் கிராம்பு ஓரளவு காரமாகவும் இரண்டாவது கதவைத் தட்டும். “யூகலிப்டஸ் முதல் நாளே தெரிஞ்சுது” என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரோஜா மட்டும் பொய் சொல்லாத சாட்சி. அதன் மணத்தில் முக்கியமான ஃபினைல் எத்தில் ஆல்கஹாலுக்கு எரிச்சலும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ரோஜா தெரிந்தால்தான் தெரிந்தது.

கடைசி மூன்றும் எளிதாகக் கிடைக்கும். கிராம்பு நம் மலையிலேயே விளைகிறது, 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ரோஜாவில்தான் ஏமாறுகிறார்கள். பொக்கே கட்டுகிற நீளக் காம்பு ரோஜாவில் அழகு உண்டு, மணம் பெரிதாக இருக்காது. தோவாளைச் சந்தையில் காலையிலேயே பன்னீர் ரோஜா வாங்குங்கள். ரோஸ்மில்க் எசன்ஸ் வேண்டாம்.

ஒரே மூச்சில் இழுப்பது

மூடியுள்ள நாலு சின்னக் கண்ணாடிக் குப்பி எடுங்கள். ஊறுகாய் இருந்த குப்பி எத்தனை கழுவினாலும் ஊறுகாய்தான் மணக்கும். கிராம்பு பத்து, லேசாக நசுக்கியது. வாரம் ஒருமுறை மாற்றவும். எலுமிச்சைத் தோல் தினமும் புதிது. யூகலிப்டஸ் எண்ணெய் பஞ்சில் பதினைந்து சொட்டு, மாதம் ஒருமுறை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.

குப்பியை மூக்குக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, முயல் மோப்பம் பிடிப்பதுபோலச் சின்னச் சின்ன இழுப்பாக இருபது விநாடி. பிறகு அரை நிமிடம் ஓய்வு, அடுத்த குப்பி. மோக்கும்போது அந்தப் பொருளை நினைக்க வேண்டும்: கிராம்பு என்றால் பிரியாணி தம் திறக்கிற நேரம். டிவி பார்த்துக்கொண்டே செய்வது கணக்கில் சேராது. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். தினமும் எழுதினால் மனசு விட்டுப்போகும்.

கெட்ட நாற்றம் வந்ததும் நிறுத்துவது

இரண்டு மூன்று மாதம் கழித்துச் சிலருக்குக் காப்பி சாக்கடையாகவும், வதங்கும் வெங்காயம் அழுகியதாகவும், கோழிக்கறி வாயில் வைக்க முடியாததாகவும் நாறத் தொடங்கும். நோய் முற்றிவிட்டது என்று பயந்து குப்பிகளைத் தூக்கிப் போடுகிறார்கள். முளைத்துவரும் நரம்புகள் முழுச் செய்தியையும் இன்னும் அனுப்பவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பலருக்கு இது தேறிவரும் வழியில் ஒரு கட்டம். காப்பியில் குற்றவாளி ஒரு கந்தகச் சேர்மம் என்று 2022-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். மிக மிகச் சிறிய அளவிலேயே அது ஆளை விரட்டிவிடும்.

பயிற்சியைத் தொடருங்கள். நாறுகிற குப்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சாப்பாட்டில் வறுத்தது, தாளித்தது, ஆவி பறப்பது குறையட்டும்: ஆறிய இட்லி, தயிர்சாதம், அவித்து ஆறவைத்த மரச்சீனி. ருசி இல்லை என்று உப்பை அள்ளிப் போட்டால் ரத்தக்கொதிப்புதான் ஏறும்.

மூக்கில் எண்ணெய் விடுவது

வேண்டாம். நுரையீரலுக்கு இறங்கினால் எண்ணெய் நிமோனியா.

கிணற்றுத் தண்ணீரில் மூக்கு கழுவுவது

உப்புநீரில் கழுவுவது சளியை அகற்றும், நல்லதுதான். ஆனால் கிணறு, குளம், குழாய் என்று எதுவாக இருந்தாலும் பச்சைத் தண்ணீர் மூக்குக்குள் போகக் கூடாது. 2024-லும் 2025-லும் பக்கத்துக் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் உயிர்களை வாங்கியதைப் பார்த்தோம். நெக்லேரியா அமீபா மூளைக்குப் போகும் வழி மூக்குதான், குடிப்பதால் அல்ல. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த தண்ணீர் அரை லிட்டர், தலைதட்டி ஒரு டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு. மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்குவது

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. 2021-இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து என்ன செய்தன என்று பார்த்தாயிற்று. வைரஸால் போன மணத்துக்கு இந்த மாத்திரை உறுதியாகப் பலன் தரும் என்று சொல்ல ஆதாரமும் போதாது.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து ஐந்து நாளுக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

மூக்கில் துத்தநாகம்

1937-இல் டொராண்டோவில் போலியோவைத் தடுக்கக் குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்ஃபேட் அடித்தார்கள். போலியோ தடைபடவில்லை, சிலருக்கு மணம்தான் போனது.

எல்லாவற்றையும் சளி மேல் போடுவது

சளியே இல்லாமல் மணம் போனது, ஒரு பக்கம் மட்டும் போனது, மூக்கில் ரத்தம், தலையில் அடிபட்ட பிறகு போனது: இவர்களுக்குக் குப்பி இல்லை, நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவர். சளிக்குப் பிறகு போனதும் ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் ஒரு தடவை உள்ளே பார்த்துவிடுவது நல்லது.

கேஸ் அலாரத்தை உச்சியில் மாட்டுவது

சமையல் கேஸில் கசிவு தெரியவேண்டும் என்றுதான் நாறும் எத்தில் மெர்காப்டானைக் கலக்கிறார்கள். மணம் போனவருக்கு அந்தக் காவலும் இல்லை, சாப்பாடு கெட்டதும் தெரியாது. சமைத்த தேதியைப் பாத்திரத்தில் ஒட்டிவையுங்கள். அலாரம் வாங்கினால் புகை அலாரம்போல உத்தரத்தில் மாட்டாதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து தேங்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சிலிண்டர் இருக்கும் பக்கம். இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். அலாரம் அடித்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கூப்பிட வேண்டிய எண் 1906.