டர்பனில் பொங்கல் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் அச்சான நாள்காட்டியைச் சுவரில் மாட்டிக்கொண்டு, அதில் போட்டிருக்கும் நேரத்திலேயே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பானை ஏற்றுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. இந்தியாவைவிட நாம் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். சூரியன் மகர ராசியில் நுழைவது உலகத்துக்கெல்லாம் ஒரே கணம்தான். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே 5.30. இதைக் கழித்துக்கொள்ளப் பலருக்கும் தெரியும். ஆனால் ராகுகாலத்துக்கு இந்தக் கழித்தல் உதவாது. அந்தந்த ஊரின் பகல்பொழுதை எட்டாகப் பிரித்து வருவது அது. ஜனவரி நடுவில் சென்னையில் ஆறரை மணிக்குமேல்தான் சூரியன் உதிக்கும். டர்பனில் 5.10 வாக்கில் உதித்து, மாலை 7 மணி வரை வெளிச்சம் இருக்கும். அதனால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்று மனப்பாடமாக இருக்கும். இங்கே அது 7 மணிக்கு முன்பே தொடங்கி, 8.40க்குள் முடிந்துவிடும்.

சில வருடங்களில் தேதியே மாறும்படி கணக்கு வரும். சூரியன் மறைந்தபின் சங்கராந்தி நேர்ந்தால் மறுநாள்தான் தை முதல் தேதி என்பது தமிழ்நாட்டு வழக்கம். அங்கே இரவு 8 மணி, இங்கே மாலை 4.30, பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. அப்படிப்பட்ட வருடத்தில் ஆளுக்கொரு தேதி சொல்லி வாதாட வேண்டாம், உங்கள் கோயில் அறிவிக்கும் நாளிலேயே வையுங்கள்.

“இனிமேல் பகல் நீளும்” என்று பிள்ளைகளிடம் சொல்வதையும் விட்டுவிடலாம். சூரியன் வடக்கே நகர்வது உண்மை. ஆனால் நாம் தெற்கே இருக்கிறோம், டிசம்பர் 21, 22க்குப் பிறகு நம் பகல் குறைந்துகொண்டுதான் போகும். அதற்காகக் கும்பிடும் திசையை மாற்றவேண்டியதில்லை. சூரியன் இங்கும் கிழக்கில்தான் உதிக்கிறது.

அடுத்தது கதைகள். மகாபலி ஓணத்துக்கு உரியவர், அவரைப் பொங்கலுக்குள் கொண்டுவர வேண்டாம். போகியில் நினைக்கப்படுபவர் இந்திரன். அவர் கோபித்துப் பெய்வித்த மழையில் கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்த கதை அதோடு சேர்ந்தது. மாட்டுப் பொங்கலுக்கு நந்தியின் கதை. தினமும் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், மாதம் ஒருமுறை சாப்பிடுங்கள் என்று மக்களிடம் சொல்லிவரச் சிவன் நந்தியை அனுப்பினார். நந்தி மாற்றிச் சொல்லிவிட்டது: தினமும் சாப்பிடுங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய்க் குளியல். அப்படியானால் இத்தனை பேருக்கும் வேண்டிய தானியத்தை விளைவிக்க நீயே போய் உழு என்று சிவன் பூமிக்கு அனுப்பினார். பலர் இதை நந்தி பெற்ற தண்டனை என்று சொல்லி, சிரிக்கவைத்து முடித்துவிடுகிறார்கள். நாம் தினமும் சாப்பிட இன்னொரு உயிர் பாடுபடுகிறது, அதற்கு ஒரு நாள் நன்றி சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதிலும் அடுத்தடுத்த கப்பல்களிலும், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வம்சத்துக்கு அந்தப் பாடு நன்றாகப் புரியும்.

சமையலில் இரண்டு விஷயம். புது மண்பானையை முதல் நாளே தண்ணீரில் ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். அரிசி குழைவதற்கு முன் வெல்லத்தைப் போட்டால், அப்புறம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சரியாக வேகாது. வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, கடைசியில் சேருங்கள். மஞ்சள் கொத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். இங்கே இது கோடை, கிழங்கு முற்றியிருக்காது. தோட்டத்தில் இருக்கும் ஒரு கன்றை இலையோடு பானையில் கட்டினால் போதும்.

படையலை வெளியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போகாதீர்கள். டர்பன் குரங்குகளுக்கு வாழைப்பழமும் கரும்பும் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகப் புதிதாக வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கைந்து தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பங்களின் பொங்கலைப் பார்த்து, “எங்கள் ஊரில் இப்படி இல்லையே” என்று திருத்தப் போகாதீர்கள். பேச்சில் தமிழ் நழுவிப்போன வீடுகளிலும் விளக்கும் பானையும் நழுவவில்லை. எந்தத் துணையும் இல்லாமல் காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்த வீட்டுப் பாட்டியிடம் உட்கார்ந்து அவர்கள் முறை என்ன என்று கேளுங்கள்.

அரசு விடுமுறை இல்லை, பள்ளியும் ஜனவரி நடுவில்தான் திறக்கிறது என்பதற்காகச் சனி, ஞாயிறுக்குத் தள்ளிவிடுவதும் தவறுதான். வார இறுதியில் கோயில் பொங்கலுக்குப் போங்கள், அது வேறு. தை முதல் நாளன்று வீட்டில் ஒரு சின்னப் பானையாவது வையுங்கள். 5.10க்குச் சூரியன் வந்துவிடுவது இதற்கு நல்ல வசதி. ராகுகாலமும் எமகண்டமும் குறுக்கிடாத நாளாக இருந்தால், ஆறரைக்குள் பொங்கி, படைத்து, சாப்பிட்டு, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிவிடலாம்.