ஞாயிற்றுக்கிழமை மீன் கடையை மூடுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன மீன் கடை இருக்கிறது. விடியற்காலை இரண்டரை மணிக்கு வீட்டுக்காரர் காசிமேட்டு ஏலத்துக்குப் போவார். ஆறு மணிக்கு நான் கடையைத் திறப்பேன். வட சென்னையில் மீன் வியாபாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஆறு நாளையும் தராசின் ஒரு தட்டில் வைத்தால், ஞாயிறு தனியாக மறு தட்டில் உட்கார்ந்து சமன் செய்யும். அந்த நாளைத்தான் ஓய்வுநாள் என்று நாங்கள் மூடினோம்.

எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் கேட்காத ஆளில்லை. பலருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன். ஓய்வுநாள் எதற்கு, யார் கட்டளையிட்டது என்பதையெல்லாம் உங்கள் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷட்டரை எப்படி இறக்குவது, இறக்கிய பிறகு எப்படிச் சாப்பிடுவது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முதலிலேயே ஒன்று. ‘ஞாயிறு மூடினால் சனிக்கிழமை இரட்டிப்பாக வரும்’ என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். எங்களுக்கு அப்படி வரவில்லை. முதல் வருடம் கையில் நின்ற பணம் கால் பங்கு குறைந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்ததாகப் பைபிளில் இருக்கிறதே, அது நாளுக்கு ஆளுக்கு ஒரு ஓமர். இன்றைய கணக்கில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். வயிற்றுக்குத்தான் கர்த்தர் அளந்து கொடுத்தார், வியாபாரத்துக்கு அல்ல.

படி 1: தண்டலை முடியுங்கள்

கையில் 9,000 கொடுத்துவிட்டு நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்கும் கடனை இந்தப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. தண்டல்காரருக்கு ஞாயிறு கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. தினம் மாலை நோட்டோடு வந்து நிற்பார். அந்த நோட்டு இருக்கும்வரை நீங்கள் கடையை மூடினாலும் மனம் மூடாது. எங்களுக்கு இரண்டு தண்டல் இருந்தது. இரண்டையும் அடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகே ஞாயிறைத் தொட்டோம். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

படி 2: உங்கள் ஓமர் எவ்வளவு?

வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்று மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், அரிசி, மாத்திரை, மொய் எல்லாம் சேர்த்து. நாற்பது பக்க நோட்டு போதும். போனில் கணக்கு எழுதும் செயலிகளை என் மகன் இறக்கிக் கொடுத்தான். மீன் கையோடு எந்தச் செயலியையும் தொட முடியாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. நோட்டும், நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனாவும்தான் சரி.

எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பயத்துக்காகச் சம்பாதித்தது எவ்வளவு, பசிக்காகச் சம்பாதித்தது எவ்வளவு என்று அந்த நோட்டு பிரித்துக் காட்டிவிட்டது.

படி 3: சனிக்கிழமைச் சிக்கல்

யாத்திராகமம் 16-இல் ஆறாம் நாள் இரட்டிப்பாகப் பொறுக்கினார்கள், ஏழாம் நாள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் அதையே செய்யலாம் என்று முதல் சனிக்கிழமை இரண்டு மடங்கு சரக்கு எடுக்கச் சொன்னேன். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், இறால் என்று ஐஸ் பெட்டி நிறைய. என்னைப் போன்ற முட்டாள் இந்தத் தெருவில் இல்லை. சனிக்கிழமை பாதி வீடுகளில் பெருமாளுக்கு விரதம்! வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. ஞாயிறு காலைதான் சட்டி அடுப்பேறும். பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். வசனத்தைப் படித்த வேகத்தில் தெருவை மறந்துவிட்டேன்.

மன்னாவை மறுநாளைக்கு மீத்து வைத்தவர்களுக்குப் புழு பிடித்து நாறியது என்று இருக்கிறது. அந்த ஞாயிறு எங்கள் வீட்டிலும் நாறியது.

இப்போது செய்வது இதுதான். வியாழக்கிழமையே வாடிக்கையாளர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுப் பட்டியல் எழுதிவிடுகிறேன். கிறிஸ்தவ வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் சனி மாலையே வாங்கிக்கொள்வார்கள். வெட்டி, கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி டப்பாவில் கொடுத்துவிடுவேன். விரத வீடுகளுக்குப் புதன்கிழமைதான். புதனன்று நல்ல மீனும் கொஞ்சம் விலைக் குறைப்பும் வைத்தோம். மெல்ல மெல்ல அது எங்களுடைய சின்ன ஞாயிறு ஆகிவிட்டது. தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை மீன் போகும், அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் எதுவும் பலிக்காது, முட்டி மோதாதீர்கள்.

பட்டியல் பார்த்து வாங்கியதில் எதிர்பாராத ஒரு லாபம்: வீணாகும் மீன் பாதிக்கு மேல் குறைந்தது. முன்பெல்லாம் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு மிஞ்சியதைப் பாதி விலைக்குக் கூவிக் கூவித் தள்ளுவோம்.

படி 4: நான் தவறி விழுந்த படி

இதை நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் கடையில் மீன் வெட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். என் மாமனார் காலத்து ஆள். சம்பளம் கிடையாது, கிலோவுக்கு இவ்வளவு என்று வெட்டுக்கூலி, அதை வாடிக்கையாளர்களே நேராக அவர் கையில் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு போவார்.

நாங்கள் மூடிய முதல் ஞாயிறு நான் ஆராதனைக்குப் போனேன். பல வருடத்துக்குப் பிறகு முதல் பாட்டிலிருந்தே உட்கார்ந்து பாடினேன். கண்ணீர் வந்தது. சாட்சி சொல்லச் சொன்னார்கள், எழுந்து நின்று சாட்சியும் சொன்னேன். இப்படியே ஐந்து வாரம். ஆறாவது வாரம் சூரியநாராயண செட்டி தெருப் பக்கம் போனபோது, வேறொருவர் கடை வாசலில் அரிவாள்மனை முன்னால் அண்ணன் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். குனிய வேண்டியவள் நான்.

வீட்டுக்கு வந்து உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். ஓய்வுநாள் கட்டளையில் எனக்கு மட்டும் ஓய்வு சொல்லப்படவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும், வாசலுக்குள் இருக்கிற அந்நியனும் ஓய வேண்டும். நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள் என்று காரணமும் இருக்கிறது. நான் அவரையும் ஓயச் சொல்லவில்லை, பிழைக்கவும் வழி விடவில்லை. என் ஓய்வுக்கு அவர் ஐந்து வாரம் காசு கட்டியிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்காரரோடு பெரிய சண்டை. “நமக்கே குறைகிறது, அவருக்கு எங்கிருந்து கொடுப்பது?” என்றார். நியாயமான கேள்விதான். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தோம். கடைசியில், மற்ற ஆறு நாளும் வெட்டுக்கூலிக்கு மேல் கடைக் கணக்கில் அவருக்கு ஒரு படித்தொகை என்று முடிவு செய்தோம். வாரத்துக்கு 900 ரூபாய் வரும். அது எங்களுக்குச் சுமைதான், இன்றுவரை சுமைதான். ஆனால் இதைச் செய்யாமல் கடையை மூடுவதென்றால், மூடவே மூடாதீர்கள்.

அண்ணன் கிறிஸ்தவர் அல்ல. ஞாயிறு என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “பேரனுக்குத் தலைவாரி விடுகிறேன் அம்மா” என்றார்.

படி 5: போன்

நெகேமியா 13-ஆம் அதிகாரத்தை மீன் வியாபாரிகள் எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். தீரு பட்டணத்து ஆட்கள் ஓய்வுநாளில் எருசலேமுக்கு மீன் கொண்டுவந்து விற்கிறார்கள். நெகேமியா நகர வாசல் கதவுகளையே சாத்திவிடுகிறார். வியாபாரிகள் விடவில்லை, ஒன்றிரண்டு முறை மதிலுக்கு வெளியே இராத் தங்கிப் பார்க்கிறார்கள்.

ஷட்டர் நகர வாசல் என்றால், மதிலுக்கு வெளியே இராத் தங்குவது வாட்ஸ்அப். ‘அக்கா, ஒரு கிலோ கடமா மட்டும்’, ‘விருந்தாளி வந்துவிட்டார்கள் அக்கா’. முதல் மாதம் நான் பின்கதவு வழியாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். தீர்வு எளிது: சனி இரவு ஒன்பது மணிக்குக் கடைப் போனை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். ஒரே போனில் இரண்டு சிம் வைத்திருந்தால் இது நடக்காது. கடைக்கென்று பழைய பட்டன் போன் ஒன்று வாங்குங்கள்.

படி 6: அந்த நாளில் என்ன செய்வது?

தூங்குங்கள். பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு, வீட்டு ஜெபம், நோயாளி சந்திப்பு என்று நான் நிரப்பிப் பார்த்தேன். திங்கள் காலை ஏலத்துக்கு எழுப்பினால் வீட்டுக்காரரைவிட எனக்குத்தான் உடம்பு வலித்தது. ஆராதனை முடிந்து வந்து, முந்தின நாள் குழம்பைச் சுட வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். (மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. இதற்கு வசனம் தேவையில்லை.)

படி 7: அறுப்புக் காலம்

யாத்திராகமம் 34:21-இல் விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஏழாம் நாள் ஓய வேண்டும் என்று இருக்கிறது. சும்மா இருக்கும் மாதத்தில் ஓய்வது பெரிய காரியம் இல்லை. 2022-இல் கிறிஸ்துமஸே ஞாயிறில் வந்தது, யாருக்கும் கஷ்டமில்லை. 2023-இல்தான் பிடி இறுகியது.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. அங்கே படகும் வலையும் கறுப்பாகின. எங்கள் மீன் எண்ணூர் மீனே இல்லை. ஆனாலும் “எண்ணெய் வாடை அடிக்குமோ” என்று கேட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் கோழிக்கடைப் பக்கம் நடந்தார்கள். மூன்று வாரம் பாதி வியாபாரம்கூட இல்லை. பயம் கொஞ்சம் தெளிந்து கூட்டம் திரும்பியபோது காலண்டரைப் பார்த்தால், டிசம்பர் 24 ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அதுவும் ஞாயிறு! இந்தத் தொழிலில் அதற்குமேல் ஒரு நாள் கிடையாது.

என் மாமியார் நேராகவே கேட்டார். “கடல் என்றைக்காவது கடையை மூடியிருக்கிறதா?”

“மூடுகிறதே அத்தை, ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை” என்றேன்.

“அது விசைப்படகுக்கு. நாட்டுப் படகு போகிறதே!” அவருக்கு நான் பதில் சொல்லி ஜெயித்ததே இல்லை.

மூடினோம். வீட்டுக்காரர் அன்று காலை என்னோடு பேசவில்லை. நானும் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்துக்குள் கூட்டல் கணக்கே போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்ப்படிந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம், ஓய்ந்தேன் என்று சொல்ல முடியாது.

ஜனவரியில் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. எங்கள் தெருவில் பெண்கள் பத்துப் பேர் குலுக்கல் சீட்டு போடுகிறோம். அந்த மாதம் சீட்டு விழுந்தது எதிர் வீட்டு அக்காவுக்கு. டிசம்பர் 24 அன்று இறால் கேட்டு நான் இல்லையென்று சொன்னதற்குத் தெருவே கேட்கத் திட்டிவிட்டுப் போனவர். அவரே வந்து, “எனக்கு இப்போது அவசரமில்லை, நீ எடுத்துக்கொள். உன் முறை வரும்போது எனக்குக் கொடு” என்றார். இதை அற்புதம் என்று நான் மேடையில் சொல்லவில்லை. அக்காவும் அப்படிச் சொல்வதை விரும்பமாட்டார். கட்டணம் கட்டியாயிற்று.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட சிலவற்றுக்கு மட்டும்.

ஓய்வுநாள் சனிதானே, ஞாயிறு எப்படி என்று சிலர் கேட்டீர்கள். சனி ஆசரிப்பவர்கள் சனியே மூடுங்கள். வியாபாரக் கணக்கில் உங்களுக்கு எங்களைவிட லேசு. படி 4 மட்டும் இருவருக்கும் ஒன்று.

டோல்கேட் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஒரு தங்கை, தனக்கு ஒரு நாள் நின்றால் அடுத்த நாள் அடுப்பு எரியாது என்று எழுதியிருந்தார். தங்கச்சி, உனக்குப் படி 1 முடிகிறவரை ஞாயிறு மாலை மட்டும் போதும். மனுஷனுக்காகத்தான் ஓய்வுநாள் உண்டானது என்று மாற்கு 2:27-இல் இயேசுவே சொல்லியிருக்கிறார். உன்னை யாராவது குற்றப்படுத்தினால், முதலில் உன் தண்டலை அடைத்துவிட்டு வந்து பேசச் சொல்.

ஃப்ரீசர் வாங்கினால் சனிக்கிழமைச் சிக்கல் தீராதா? தீரும். நான் வாங்கமாட்டேன். ஃப்ரீசர் வந்த கடையில் முந்தாநாள் மீன் இன்றைய மீன் ஆகிவிடும். சனி இரவு எட்டு மணிக்கு மிஞ்சியதை இரண்டாகப் பிரியுங்கள்: நெத்திலியும் மத்தியும் உப்புக்குப் போய்க் கருவாடாகட்டும், பெரிய மீன் அந்த வாரம் வேலையில்லாத வீடு எதுவோ, அங்கே போகட்டும். பிறகு ஐஸ் பெட்டியைக் கழுவி, மூடியைத் திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். மூடி வைத்தால் திங்கட்கிழமை வாடை அடிக்கும்.