லா கிரசென்ட் திராட்சையை வாயில போட்டுக் கண்டுபிடிக்கிறது எப்படி

அமெரிக்கால மினசோட்டா பக்கம் வெள்ளை ஒயின் திராட்சை வளர்த்தா, பேர் அட்டை பறந்துபோன கொடி ஒண்ணாவது மிஞ்சும். என்கிட்ட மிஞ்சினது லா கிரசென்ட்டா, ஃப்ரான்டெனாக் கிரியா, பிரியானாவா, எந்த ரகம்னு தெரியாம ரெண்டு சீசன் முழிச்சேன்.

முதல்ல நிறம். சாம்பல் கலந்த செம்பு நிறமா இருந்தா ஃப்ரான்டெனாக் கிரி, வேலை முடிஞ்சுது. மஞ்சளா பழுத்து, கொத்து நெருக்கமில்லாம இருந்தா மேல படிங்க.

வெயில் பட்ட பக்கம், நிழல் பக்கம் ரெண்டுலயும் பழம் பறிங்க. விதை பழுப்பா இருக்கணும், பச்சையா இருந்தா ருசி பாக்கவே வேணாம், இன்னும் பழுக்கல.

இப்போ நான் சொதப்பின இடம். பறிச்சதை ஃப்ரிட்ஜ்ல வச்சு, மறுநாள் ஜில்லுன்னு வாயில போட்டு, புளிப்பைத் தவிர ஒண்ணும் தெரியலன்னு விட்டுட்டேன். குளிர்ல வாசனை எழும்பாது, அதோட இந்த ரகத்துக்குப் புளிப்பும் ரொம்ப ஜாஸ்தி, லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல ஆசிட் சர்வசாதாரணம். அதனால பழம் ரூம் சூட்டுக்கு வரட்டும். சதையைப் பிதுக்கித் தனியா வச்சுட்டு வெறும் தோலை நல்லா மெல்லுங்க, வாயை மூடி மூக்கு வழியா மூச்சு விடுங்க. அப்பதான் ஆப்ரிகாட், அதுக்குப் பின்னாடி பூ மாதிரி மணக்கிற மஸ்கட் திராட்சையோட வாசனை வரும். இதோட தாத்தா பாட்டி வரிசைல மஸ்கட் ஹாம்பர்க் இருக்கு, அந்த வாசனை பெரும்பாலும் தோல்லதான் தங்கும். மினசோட்டா பல்கலைக்கழகம் 2002ல வெளியிட்ட ரகம் இது, குளிர் தாங்குற குணம் காட்டுத் திராட்சை வழியா வந்தது.

பழம் பழுத்துடுச்சான்னு சர்க்கரையை வச்சுப் பாக்க ரிஃப்ராக்டோமீட்டர்தான் (சாறுல ஒளி எவ்வளவு வளையுதுன்னு வச்சு அளக்கிற கருவி) என் சாய்ஸ், ரெண்டு சொட்டு சாறு போதும். சாறுல மிதக்கவிட்டு அளக்கிற ஹைட்ரோமீட்டருக்கு ஒரு டம்ளர் சாறு பிழியணும், தோட்டத்துல நின்னுக்கிட்டு யாரு பிழியறது? டிஸ்டில்ட் வாட்டர்ல ஜீரோ வைக்க மறக்காதீங்க.

அப்டேட்: ஆப்ரிகாட்டே வரல, அன்னாசி வாசனைதான் வருதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அது பிரியானாவா இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் நாலு நாள் கொடியில விட்டுப் பாருங்க, திராட்சை மிட்டாய் மாதிரி ஒரு திகட்டுற வாசனை கூடிக்கிட்டே போகும், லா கிரசென்ட்ல அது வராது. ஆனா ஃப்ரான்டெனாக் பிளாங்க்னு இன்னொரு வெள்ளை ரகத்தோட குழப்பம் வந்தா நாக்கை நம்பாதீங்க, அதுலயும் புளிப்பு தூக்கலா இருக்கும், பீச், ஆப்ரிகாட் வாசனையும் வரும். இலையை டிஎன்ஏ டெஸ்டுக்கு அனுப்பிடுங்க, நான் கடைசில அதத்தான் செஞ்சேன்.