ப்ளூ-ரே வட்டில் துணை ஒலியும் படத்துக்குள் படமும் சேர்க்கும் முறை

முதன்மைப் படம் நிற்காமல் ஓட, ஓரத்துச் சிறு சட்டகத்தில் இயக்குநர் தோன்றிப் பேசும் அமைப்பை இரண்டு வழிகளில் செய்யலாம். எடிட்டிங் மென்பொருளிலேயே இரு காட்சிகளையும் ஒன்றாக ஒட்டிவிடுவது எளிது. ஆனால் பார்ப்பவரால் அந்தச் சட்டகத்தை அணைக்க முடியாது. துணைக் காணொளியையும் துணை ஒலியையும் தனித் தடங்களாக வைத்து, அவற்றைக் கலக்கும் வேலையைப் பிளேயரிடம் விடுவதே சிறந்தது என்பது என் கருத்து. முதன்மைப் படமும் அதன் ஒலியும் ப்ளூ-ரேக்கு ஏற்ற வடிவில் தயாராக உள்ளன என்று கொண்டு தொடங்குகிறேன்.

துணைக் காணொளியை எக்ஸ்264 என்னும் காணொளி என்கோடர் (சுருக்கி மாற்றும் மென்பொருள்) கொண்டு, ப்ளூ-ரே இணக்க விருப்பத்தை இயக்கி, 720×480 அளவில், முதன்மைப் படத்தின் அதே பிரேம் வேகத்தில் என்கோடு செய்யுங்கள். இதற்கான உச்சவரம்பு வினாடிக்கு 8 மெகாபிட். பேசும் முகத்துக்கு 2 அல்லது 3 மெகாபிட்டே போதும். எல்லாத் தடங்களும் சேர்ந்து 48 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது என்பதால், முதன்மைப் படத்தை அதன் வரம்பான 40 வரை ஏற்றாமல் 30-ஐ ஒட்டி நிறுத்துங்கள்.

ஒலியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வழக்கமான ஏசி-3 (டால்பி டிஜிட்டல்) ஒலித்தடத்தைத் துணைத்தடமாகக் குறிக்க இயலாது. துணை ஒலிக்கு டால்பி டிஜிட்டல் பிளஸ், டிடிஎஸ் எக்ஸ்பிரஸ் ஆகிய இரண்டு வடிவங்களுக்கு மட்டுமே இடமுண்டு. டிடிஎஸ் எக்ஸ்பிரஸுக்குத் தனி என்கோடர் வேண்டும் என்பதால், எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள் இலவசமாகவே உருவாக்கித் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸைத் தேர்ந்தெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல், வினாடிக்கு 192 கிலோபிட் என்பது போதுமான அமைப்பு, 256-ஐத் தாண்ட வேண்டாம். அந்தத் தடத்தில் பேச்சுக்குரல் மட்டுமே இருக்க வேண்டும். படத்தின் ஒலியையும் அதில் முன்கூட்டியே கலந்திருந்தால், பிளேயர் அதன்மேல் முதன்மை ஒலியை மீண்டும் சேர்க்கும். ஒவ்வொரு வசனமும் இரட்டித்துக் கேட்கும். படத்தின் ஒலியோடு கலந்த விளக்கவுரைதான் உங்களிடம் உள்ளதென்றால், அதை இரண்டாவது முதன்மை ஒலித்தடமாகவே சேர்த்துவிடுங்கள்.

இனி மக்ஸ் செய்யும் வேலை, அதாவது தனித்தனித் தடங்களை ஒன்றாகத் தொகுப்பது. தொடங்குபவர்களுக்கு டிஎஸ்மக்சர் என்னும் மென்பொருளே போதும். நான்கு தடங்களையும் ஏற்றி, துணைக் காணொளி, துணை ஒலி ஆகிய இரண்டுக்கும் தவறாமல் 'செகண்டரி' குறியீட்டை இடுங்கள். காணொளிக்கு மட்டும் இட்டால் சட்டகம் தோன்றும், பேச்சு அதனோடு இணையாது. எந்தத் துணை ஒலி எந்தத் துணைக் காணொளியோடும் எந்த முதன்மை ஒலியோடும் சேரலாம் என்ற இணைப்புப் பட்டியல், எந்தத் தடங்களை ஓட்ட வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்லும் பிளேலிஸ்ட் கோப்பில் இருப்பதே இதற்குக் காரணம். சட்டகத்தின் மூலை, ஓரத்திலிருந்து விலகும் தூரம், அளவு ஆகியவற்றையும் இங்கேயே குறிக்க வேண்டும். 720 பிக்சல் அகலச் சட்டகத்தை மாற்றாமல் வைத்தால் 1920 பிக்சல் திரையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அடைக்கும். பாதியாகக் குறைப்பது என் விருப்பம். கீழ்மூலைகள் வசனவரிகளோடு மோதக்கூடும், ஆகவே மேல்வலது மூலையே நல்லது. கருமையான பகுதிகளை ஒளிபுகச் செய்யும் விருப்பத்தை முதல் முயற்சியில் தொடாதீர்கள்.

வட்டில் எழுதுவதற்கு முன், துணைத்தடங்களை முழுமையாகக் காட்டும் பிளேயரில் சோதியுங்கள். கணினியில் இயங்கும் பல பிளேயர்கள் துணைக் காணொளியைப் புறக்கணித்துவிடும். அதை வைத்து வட்டே பழுது என்று முடிவு செய்யக் கூடாது. 2007 அக்டோபருக்குப் பின் அறிமுகமான வீட்டுப் பிளேயர்களில் போனஸ் வியூ என்னும் இந்த வசதி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தையவற்றில் பல முதன்மைப் படத்தை மட்டும் ஓட்டும்.

பிற்சேர்க்கை: சட்டகம் தெரிகிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிளேயரின் ஒலி அமைப்பில் துணை ஒலியைக் கலக்கும் விருப்பம் அணைந்திருக்கும். டால்பி ட்ரூஎச்டி போன்ற இழப்பற்ற ஒலியை மாற்றாமல் ரிசீவருக்கு (ஒலிபெருக்கிகளை இயக்கும் கருவிக்கு) அனுப்பும்போது கலப்பு நடைபெறாது. அவ்விருப்பத்தை இயக்குங்கள், படம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள், இல்லையெனில் அடுத்து ஓட்டும் வட்டின் இழப்பற்ற ஒலியும் ரிசீவருக்கு மூல வடிவில் செல்லாது.