பால் காய்ச்சத்தானே என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

கனடா வந்து ஆறு மாதம் ஆனதும் எல்லாருக்கும் வரும் யோசனைதான் எனக்கும் வந்தது. இங்கே வீடு வாங்க டவுன் பேமென்ட் வேண்டும், சென்னை மடிப்பாக்கம் ஃபிளாட்டை விற்றுவிடலாம். உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தால், இதைப் படித்துவிட்டுப் புரோக்கருக்கு ஃபோன் போடுங்கள்.

காகித வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் போக முடியாவிட்டால் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ பவர் (உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதி, இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஊர் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கிரயத்தின்போது நீங்கள் உயிரோடு இருப்பதாக டாக்டர் கொடுத்த சான்றும் கேட்பார்கள். சிரிக்காமல் வாங்கி அனுப்புங்கள். வரியை விலை பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது. உள்ளூர்க்காரர் 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் வீட்டை விற்றால், வாங்குபவர் விலையிலிருந்து 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) பிடித்தால் போதும். என்ஆர்ஐ என்றால் கதையே வேறு. 2 ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதம், அதற்கு மேல் செஸ், சர்சார்ஜ் என்று கூடுதல் வரிகள். வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கி வைக்காவிட்டால், லாபத்துக்கு மட்டும் அல்ல, மொத்தத் தொகைக்கும் பிடிக்கச் சொல்லி வாங்குபவருடைய ஆடிட்டர் நிற்பார்.

இனி வீடு பார்க்க வருபவர்கள். சென்னையில் வீடு பார்க்க யாரும் தனியாக வரமாட்டார்கள். மாமனார், மச்சான், வாஸ்து தெரிந்த சித்தப்பா என்று ஒரு வேன் ஆள் வரும். எங்கள் வீட்டுக்கு வந்த சித்தப்பா, ஃபோனில் திசைகாட்டியைப் போட்டு அடுப்பு மேடையில் வைத்தார். பக்கத்தில் இருந்த சிலிண்டருக்கு அது கிறுகிறுவென்று சுற்ற, அக்னி மூலை எங்கே என்று அரைமணி நேரம் விவாதம். அம்மா அத்தனை பேருக்கும் ஃபில்டர் காபி போட்டாள். காபி பரவாயில்லை. கூடவே, "பையன் அங்க வீடு பாத்துட்டான், ஆகஸ்ட்டுக்குள்ள பணம் வேணுமாம்" என்றும் சொல்லிவிட்டாள். அன்றைக்கே விலை 3 லட்சம் இறங்கியது.

2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் கரன்ட் இல்லை, யூடிஎஸ் (மனையில் ஃபிளாட்டுக்கு உரிய பங்கு) எவ்வளவு, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவீர்களா என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். மறைத்தால் கீழே வாட்ச்மேன் சொல்லிவிடுவார். பத்திரத்தைக் காட்டலாம், ஆனால் வருபவர்களெல்லாம் ஃபோனில் படம் எடுக்க விடாதீர்கள். நகல் கேட்டால், யாருக்கு, எதற்கு என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். மூலப்பத்திரம் வீட்டிலேயே இருக்க வேண்டாம், லாக்கருக்குப் போகட்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் மாட்டிக்கொண்டது அட்வான்ஸ் வாங்கிய பிறகு.

5 லட்சம் அட்வான்ஸ், 3 மாதக் கெடு, ஒப்பந்தமும் முறையாகப் பதிவாகிவிட்டது. அம்மா குரோம்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வைகாசி கடைசியில் வாங்குபவரிடமிருந்து ஃபோன். "சார், இதை விட்டா ஆனி, ஆடி வந்துடும். லோன் எப்படியும் வந்துடும். வீடு காலியாத்தானே இருக்கு? பால் மட்டும் காய்ச்சிக்கிறோம்." ஊர் வழக்கம் தெரிந்த யாராவது இதற்கு மாட்டேன் என்பார்களா? பூட்டிய வீட்டில் விளக்கு எரியட்டும் என்று அம்மாவும் சொன்னாள். அன்றைக்கு அவர்கள் அனுப்பிய படத்தில் மாவிலைத் தோரணம், வாசல் நிறையக் கோலம். நாங்கள் 2011-ல் பால் பொங்கவிட்ட அதே மேடையில் அவர்களுடைய பாத்திரம். இங்கே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு அதற்கு ஒரு ஹார்ட் வேறு போட்டேன்.

சாவி திரும்பி வரவில்லை. கார்ப்பென்டர் அளவெடுக்க வேண்டும் என்றார்கள். பிறகு கட்டில் வந்தது, பரண் இடிந்தது, மாமியார் வந்து தங்கினார். ஆனியில் பேங்க் லோன் குறைந்துவிட்டதாம், 6 லட்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முடியாது, காலி செய்யுங்கள் என்றேன். நாங்கள் ஒப்பந்தப்படிதான் இருக்கிறோம் என்றார்கள்.

வக்கீல் அப்போதுதான் விளக்கினார். பதிவான ஒப்பந்தம் இருந்து, அதன்படி வீட்டையும் ஒப்படைத்துவிட்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவைக் காட்டி வாங்குபவர் உள்ளேயே உட்கார்ந்துகொள்ள வழி இருக்கிறது. கடைசியில் ஜெயிக்கிறோமோ இல்லையோ, கோர்ட்டுக்கு அலைவது அறுபத்தெட்டு வயது அம்மா. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் சான்று) ஏறியிருந்தது. ரத்துப் பத்திரம் பதிவாகாமல் அடுத்தவர் யாரும் வாங்கமாட்டார்கள். ரத்துக்கு அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மரவேலைச் செலவு என்று பேர் வைத்து அந்தக் கையெழுத்துக்கு ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டார், அட்வான்ஸ் 5 லட்சம் தனி. இடித்த பரணுக்கு நான் யாரிடம் கேட்பது?

ஆகவே கிரயம் பதிவாகும் வரை சாவி உங்கள் ஆளிடமே இருக்கட்டும். அளவெடுக்கவா, வரட்டும், உங்கள் ஆள் திறந்து, கூடவே நின்று, பூட்டிக்கொண்டு வரட்டும். கிரயம் முடியும் வரை சுவாதீனம் (வீட்டின் கைவசம்) தரப்படவில்லை என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிரியத்தில் எதையும் வாட்ஸ்அப்பில் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் போட்ட அந்த ஹார்ட்டைக்கூட அவர்களுடைய வக்கீல் நோட்டீஸில் எழுதியிருந்தார்.

ஐப்பசியில் வேறு ஒரு குடும்பம் வந்தது. அவர்களும் பால் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள். அம்மா இந்தத் தடவை காபி போடவில்லை. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்க வாங்க. ஆவின் பால் நானே வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள். சொன்னபடி இரண்டு பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு, சாவியை முந்தானையில் முடிந்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாளாம்.